இரண்டு மணிக் கட்டம்

என் செல்வி அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. உன்னிடம் இப்படிக் கேட்பது பைத்தியக்காரத்தனம்தான். வேறு யார் கையிலாவது இது கிடைத்தால், தயவுசெய்து மடித்து வைத்துவிடுங்கள். நைனா பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறார்.

உன் பாப்பா முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவலூர்பேட்டையில் உன் மாமியார் வீட்டில்தான் இருக்கிறாள். உன் மாதிரியே வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள்.

நாளை விசாரணைக்கு ஒரு ஆபீசர் அம்மா நம் வீட்டுக்கு வருகிறார். நீ எப்படி இறந்தாய் என்று கேட்டு எழுதுவாராம். நமக்கு அம்மா இல்லை, அண்ணியும் மாசமாக இருந்தார். அதனால் பிரசவத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான்.

அன்றைக்கு அமாவாசை. மலையனூர் கோயில் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் இன்னொரு நர்ஸ் வரவில்லை. வார்டு முழுக்க ஒரே நர்ஸ். கெட்டவர் இல்லை அக்கா, காலையிலிருந்து டீகூடக் குடிக்கவில்லை. கால்மணிக்கு ஒரு தரம் உன் நாடியும் ரத்தப்போக்கும் பார்த்து எழுத வேண்டிய தாளில், பதினொரு மணிக்கே, மதியம் இரண்டு மணிக் கட்டம் வரை 'நலம்' என்று எழுதி மாட்டிவிட்டுப் போனார். அப்புறம் யாரும் வரவில்லை.

உன் புடவை ரத்தத்தில் நனைந்தபோது நர்ஸிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "பிரசவம்னா அப்படித்தான் போவும். படிக்கிற பொண்ணு, இதுக்குப் போய் டென்ஷன் ஆவுறியே" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். வெட்கப்பட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். குளிருது என்றாய். போர்த்திவிட்டேன். அது போதும் என்று எப்படி நினைத்தேன்?

ஒரு மணிக்கு நீ போய்விட்டாய். தாள் மட்டும் இரண்டு மணி வரை உன்னை நலமாக வைத்திருந்தது. இப்போது அங்கே வேறு தாள் இருக்கிறதாம். நாம்தான் தாமதமாகக் கூட்டிவந்தோம் என்று எழுதியிருக்கிறதாம்.

நேற்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அந்த நர்ஸைப் பார்த்தேன். எந்த ஸ்கூல் என்று மட்டும் கேட்டார். எதற்குக் கேட்டார்?

நைனாவிடம் எல்லாம் சொன்னேன். "வாய மூடிக்கினு இரு. உங்க அண்ணிக்கு ஒம்பதாம் மாசம். அவளும் அங்கதானே போவணும்? அவங்கள பகைச்சிக்கினு இன்னா பண்றது?" என்றார்.

அண்ணிக்காகத்தானே சொல்ல வேண்டும்? அண்ணி தாளிலும் முன்கூட்டியே 'நலம்' என்று எழுதிவிட்டால்?

நாளை சொல்லிவிடுவேன் அக்கா. ஒரே நர்ஸ் இருந்ததையும் சொல்வேன், நான் பேசாமல் உட்கார்ந்திருந்ததையும் சொல்வேன்.

கதவைத் தட்டுகிறார்கள். நைனா இல்லை, அண்ணி. "எழுந்திரும்மா. எனக்கு ரத்தமா போவுது" என்கிறார்.

இந்தத் தடவை நான் உட்கார மாட்டேன்.

உன் தங்கை