லோத்தலில் மடை எந்தப் பக்கம்

இன்று சாத்தூரில் காராச்சேவு வாங்கினேன். பொட்டலம் மடித்திருந்த தாளில், எண்ணெய் ஊறி, நாம் அச்சடித்த லோத்தல் படம் தெரிந்தது. காராச்சேவைத் துண்டில் கொட்டிக்கொண்டு தாளை நீவிப் பார்த்தேன். அதே தப்புப் படம்தான். அன்று எடைக்குப் போன தாள் இத்தனை வருடம் எங்கே கிடந்ததோ! உன்னிடம் காட்ட முடியாதே என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சிவகாசி அச்சகத்தில் அச்சுத் தகட்டுக்குப் பிலிம் ஒட்டுவது நான், மிஷின் ஓட்டுவது நீ. பள்ளிப் புத்தக ஆர்டர் ஒன்றில் அந்தப் படம் வந்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் குஜராத்தில் தரையைத் தோண்டி, சுட்ட செங்கல் அடுக்கிக் கட்டிய கப்பல் துறை. அது துறையே இல்லை, வெறும் குளம் என்று சிலர் சொல்வதாகவும் கீழே போட்டிருந்தது. உனக்கு வந்ததே கோபம்!

"ஏலே, மடையப் பாருலே. கடத்தண்ணி ஏறயில கப்பல உள்ள விட்டுட்டு, எறங்கயில வடியாம அடைச்சிருக்கான். கம்மாக்காரனுக்குத் தெரியாதா இது? ஒருநா ரெண்டு பேரும் போயி அந்த மடையில ஒக்காந்துட்டு வரணும்."

கப்பலில் ஏறியே பார்க்காத இரண்டு பேர் போட்ட திட்டம் அது.

அந்தப் பிலிமைத்தான் நான் புரட்டி ஒட்டிவிட்டேன். எழுத்தாக இருந்தால் உடனே காட்டிக் கொடுத்திருக்கும். படம் என்பதால் இடம் வலமாக மாறியது யார் கண்ணிலும் படவில்லை. புத்தகம் போட்டவர் கண்டுபிடித்து லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார்; அத்தனை தாளும் பழைய பேப்பராக எடைக்குப் போனது.

"மொதத் தாளப் பாத்து ஓகே சொன்னது யாரு?" என்று முதலாளி கத்தினார்.

"நாந்தான் அண்ணாச்சி" என்றாய்.

நான் வாயில் கொழுக்கட்டையை வைத்தவன்போல நின்றேன். அன்றே உன் வேலை போனது.

அப்புறம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டி கட்டப் போனாய். வழியில் பார்த்தால் சைக்கிளை நிறுத்தி, "சாப்பிட்டியாலே?" என்பாய். ஒரு நாள்கூட அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன். இந்த சீசன் முடியட்டும், அடுத்த சீசன் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நீ மாரடைப்பில் போய்விட்டாய்.

போன தை மாதம் தனியாக லோத்தலுக்குப் போனேன். மடையைத் தேடி நேரே எதிர்ப்பக்கம் போய் நின்றேன். என் மண்டையில் இருப்பது நான் புரட்டிய படமல்லவா! கரையைச் சுற்றி நடந்து மடைக்கு வந்தேன்.

"அந்தப் பிலிமப் பொரட்டி வச்சது நாந்தாம்லே" என்று சத்தமாகச் சொன்னேன்.

பாஷை தெரியாத காவலாளி, நான் வழி கேட்பதாக நினைத்து வாசலைக் கைகாட்டினார்.

நீ என்ன சொல்லியிருப்பாய்? "போலே, எனக்கு அன்னைக்கே தெரியும்" என்று சிரித்திருப்பாயா? இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிளை மிதித்திருப்பாயா? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் நிலைக்கவில்லை. ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்; பதில் சொல்லத்தான் ஆளில்லை.