தண்ணீரில் இறங்க மறுத்தவன்

வியாழன், நவம்பர் 12

விடியற்காலை மழையில் மலை ஓடை அணையின் கம்பி வலை முழுக்க இலை அடைத்துக்கொண்டது. மார்பளவு நீரில் இறங்கித்தான் அள்ள வேண்டும். எப்போதும் முதலில் குதிப்பவன் முனியாண்டி. இன்று கரையிலேயே நின்றான். மேஸ்திரியான எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னடா, மாப்பிள்ளையாட்டம் நிக்கிற? எறங்கு லா!"

"மாட்டேங்கய்யா. ராத்திரியிலேருந்து வயித்தால போவுது. டவுனு முழுக்கக் குடிக்கிற தண்ணி இது."

"அப்ப ஏன் வேலைக்கு வந்த?"

"வரலேன்னா தெரிஞ்சுபோயிரும். வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க. எம் பொஞ்சாதிக்கு இது நெறமாசங்கய்யா."

சட்டையைக் கழற்றிவிட்டு நானே இறங்கினேன். பல் கிட்டிப்போகிற குளிர். வலையைச் சுத்தம் செய்ததும் இரண்டு பேரைத் துணை சேர்த்து அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கெஞ்சினான், கேட்கவில்லை. வயிற்றுப்போக்குக்காரனை அணைப் பக்கம் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அந்த விதி சரிதான்.

ஆனால் அதே விதிப்படி அவன் குடும்பத்தையும் அன்றே மலையை விட்டு இறக்க வேண்டுமாம். நிறைமாதக்காரியை இந்த வழுக்குப் பாதையில் எப்படி இறக்குவது? நான் அவன் வீட்டுக்குப் போனபோது அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இங்கயே இரும்மா. தண்ணியக் காய்ச்சிக் குடி. பக்கத்து வீட்டு அக்கா பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாளை என் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை கத்துவார். என் வேலை போனாலும் போகலாம். ஆனால் முனியாண்டியின் வீடு அணைக்கு வெகு கீழே, மறுபக்கச் சரிவில் இருக்கிறது. அங்கே கொட்டுகிற எதுவும் அணைக்கு வராது. தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்பதை விதி எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். நாளை துரைக்கு நான் படம் போட்டே காட்டுகிறேன்.