விரதக்காரர் குளத்து மீன்

ஜூன் 3
எங்கள் கோஹூ ஊரில் வெயில் ஏறினாலே வரும் நோய் வந்துவிட்டது. குளத்தில் ஜிலேபி மீன்கள் கண் பிதுங்கிச் சுற்றுகின்றன. மருந்து போட்டால் வாங்குகிறவன் சோதித்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவான். என் வீட்டுக்காரர் பெங்-சியாங் என்ன செய்தார்? மாட்ஸு அம்மன் கோயிலுக்குப் போய், குளத்து மீனைப் பிடித்து விற்கும்வரை கறி, வெங்காயம், பூண்டு தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டு வந்தார். எனக்கும் சேர்த்து! ஒரு வார்த்தை கேட்டாரா?

மீன் செத்தால் குளத்தைச் சூரியப் பலகை நிறுத்தும் சோலார்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவாராம். இத்தனை வருஷம் தீனி போட்ட கை இது. இனி பலகைக்கா போடுவேன்?

ஜூன் 6
பக்கத்துப் பூண்டு வயல் சூ-மெய் அக்கா சொன்னாள்: "எங்க அண்ணன் பூண்டை அரைச்சுத் தீனியில கலக்குறான். மீன் தெம்பாத்தான் இருக்கு. ஆனா சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்டி."

அவரிடம் சொன்னேன். "விரதக் குளத்துல பூண்டா? அம்மன் என் தோலை உரிச்சிடுவா!"

விரதம் இவருக்கு. மீனுமா நேர்ந்துகொண்டது?

ஜூன் 7
கோயிலுக்குப் போய், அம்மனிடம் குறி கேட்கும் பிறைக்கட்டைகள் இரண்டையும் தரையில் போட்டேன். "மீனுக்குப் பூண்டு கொடுக்கலாமா?" இரண்டும் மல்லாந்தன. அப்படி விழுந்தால் அம்மன் சிரிக்கிறாள், கேள்வி சரியில்லை என்று அர்த்தம். மாற்றிக் கேட்டேன். மறுபடி சிரிப்பு. "அவருக்குத் தெரியாம கொடுக்கலாமா?" ஒன்று கவிழ்ந்தது, ஒன்று மல்லாந்தது. சம்மதம்!

பெண் தெய்வம் என்றால் இப்படி இருக்கவேண்டும்.

ஜூன் 8
அக்கா வீட்டுக் கொல்லையில் அரைத்து, சோயா எண்ணெய் விட்டுத் தீனியோடு பிசறி, நிழலில் உலர்த்திப் போட்டாயிற்று. எத்தனை சோப்பு போட்டாலும் கை நாறுகிறது.

ஜூன் 15
மாட்டினேன். சாப்பிடும்போது மோப்பம் பிடித்துவிட்டார். "அக்கா வீட்டுல பூண்டுக்கறி தின்னுட்டு வர்றியா? அதான் இன்னிக்கும் மீன் மிதக்குது!"

"அம்மன்மேல சத்தியமா ஒரு பல்லுகூட வாயில வைக்கலைங்க." உண்மைதானே!

ஆனாலும் அழுகை வந்துவிட்டது. மீன் செத்தா பழி எனக்கு. பொழைச்சா பேரு இவரு விரதத்துக்கு. இது என்ன நியாயம்? — பூண்டுக்கும் நோய் கேட்காவிட்டால்? குளம் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

ஜூலை 2
இன்று ஒன்றுகூட மிதக்கவில்லை.

ஜூலை 20
சோலார்காரர் குத்தகைக் காகிதங்களோடு வந்தார். பெங்-சியாங் என் வாளியிலிருந்து ஒரு கை அள்ளி வீசினார். குளமே கொதிப்பதுபோல மீன்கள் பாய்ந்தன. "பாத்தீங்கல்ல? எடம் காலியில்ல, போயிட்டு வாங்க." எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல இருந்தது.

பிறகு அவர் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். செத்தேன் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மாலையில் டீக்கடையில் விரத மகிமையை அளந்துகொண்டிருந்தாராம்.

ஜூலை 21
காலையில் அக்கா வீட்டுக் கொல்லையில் பிசறிக்கொண்டிருந்தேன். பின்னால் செருமல். அவரேதான்!

திட்டவில்லை. சட்டென்று எனக்கு முதுகைக் காட்டி, வயலைப் பார்த்து நின்றுகொண்டார். "விரதக்காரன், நான் இதையெல்லாம் பாக்கக்கூடாது."

நான் பிசறிக்கொண்டே இருந்தேன்.

திரும்பாமலே சொன்னார்: "இன்னும் ஒரு கை போடு."