நாய்ப் பதிவுப் புத்தகம்

12 ஜூன் 1951, செவ்வாய்

முன்பு பஜாரில் மூட்டை தூக்கிய கருப்பையா, இன்று டயகம தோட்டத்திலிருந்து எங்கள் நகரசபை அலுவலகத்துக்கு வந்தார். இலங்கைக் குடியுரிமை மனுவுக்கு, இங்கே பல வருஷமாகக் குடியிருப்பதற்குப் பழைய அத்தாட்சி வேண்டுமாம்.

"நாய்க்கு லைசன்ஸ் எடுத்தப்ப எம் பேரையும் வீட்டு நம்பரையும் எழுதுனீங்களே ஐயா, பத்து வருசம் இருக்கும். வேற எந்தக் காயிதத்துலயும் எம் பேரு இல்லீங்க."

அந்தப் புத்தகங்களைப் போன மாதம்தான் எரித்தோம். எதை எத்தனை வருஷம் வைப்பதென்று சபை பட்டியல் கேட்டபோது, நாய்ப் புத்தகத்துக்கு மூன்று என்று எழுதியவன் நான். அலமாரியில் இடமில்லை, அவ்வளவுதான். ஏன் மூன்று என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை.

"எரிச்சாச்சு" என்றேன்.

"நாயும் செத்துப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

எரிக்கச் சொன்னது யார் என்று அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான்தான் என்று ஒருவரிடமாவது சொல்லியிருப்பேன்.