சர்க்கரை மேல் போட்ட பழி

மார்ச் 4

அவர் வீசிய இஸ்திரிப் பெட்டி சுவரில் பட்டுக் காரை பெயர்ந்துவிட்டது. என் தலைக்கு ஒரு சாண் தள்ளி. சட்டைக் காலரில் சுருக்கம் இருந்ததாம். பிறகு சோபாவில் சரிந்து, “சுகர் ஏறிடுச்சு. என்ன பண்றேன்னு எனக்கே தெரியல” என்றார். மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தேன்.

“அவனா பண்றான்? வியாதி பண்ண வைக்குதும்மா” என்றார் மாமியார்.

அப்படித்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் இவ்வளவு காலம் நான் யாரோடு வாழ்ந்தேன்?

மார்ச் 9

உதடு கிழிந்தது. கதவைச் சத்தமாகச் சாத்தினேனாம். மெதுவாகச் சாத்தியிருந்தால் அதற்கும் அடி விழுந்திருக்கும்.

மகள் பஞ்சு வைத்து அழுத்தினாள். “நான் ஹாஸ்டலுக்கு எழுதிக் கொடுத்துட்டேன். நீயும் கிளம்பும்மா. இல்லேன்னா லீவுக்குக்கூட இந்தப் படி ஏற மாட்டேன்.”

“அப்பாவுக்கு உடம்பு சரியில்லடி.”

“உனக்கும்தான் சுகர் இருக்கு. நீ யாரை அடிச்ச?”

மார்ச் 13

நாளை எனக்கும் அவருக்கும் உடல் திறன் சோதனை. அதைப் பார்த்துத்தான் எவ்வளவு உடற்பயிற்சி என்று டாக்டர் சொல்வாராம்.

மார்ச் 14

எழுதிவிட வேண்டும்.

மருத்துவமனைத் தாழ்வாரம். இரு முனையிலும் மஞ்சள் கூம்புகள். பயிற்சி தரும் பெண் எங்கள் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டு, “ஓடாதீங்க. முடிஞ்ச வேகத்துல நடங்க” என்றாள்.

நடந்தேன். யாரும் கூப்பிடாத நடை. என்னவோ எனக்கு அது பிடித்துவிட்டது. மூச்சு வாங்க வந்த அவரைத் தாண்டினேன். மறுபடியும் தாண்டினேன்.

“சார், வீட்டம்மா உங்களை ரெண்டு சுத்து முந்திட்டாங்க!” என்று காத்திருந்த பெரியவர் சிரித்தார்.

என் கன்னத்தில் அறை விழுந்தது. பின்னலைப் பிடித்து என்னைச் சுவரில் மோதினார். கூம்பு உருண்டது. காதுக்குள் ஒரே இரைச்சல். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “லோ சுகர்.”

வீட்டில் ஏறும். இங்கே இறங்கிவிட்டது.

“ஆமாம்மா, லோ ஆனா இப்படித்தான் பண்ணுவாரு” என்றேன், மூக்கில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே. நான்தான் சொன்னேன். நானேதான்!

அந்தப் பெண் மறுபடி அவர் விரலில் குத்தினாள். “சார், உங்களுக்கு நார்மல்.” எனக்கும் பார்த்தாள். என்னுடையது அவருடையதைவிட அதிகம்.

“மெஷின் சரியில்ல.”

வேறு மெஷின் கொண்டுவந்தாள். அதிலும் அதே.

அவர் கண்ணைத் திறந்தார். தெளிவான கண்கள். எப்போதுமே இப்படித் தெளிவாகத்தான் இருந்தனவோ?

மார்ச் 15

கொன்றுவிடலாம் போல் இருக்கிறது. அவரையா, மாத்திரை நீட்டிய இந்தக் கையையா? காய் நறுக்கும் கத்தியைக் கழுவி, கைக்கு எட்டாத மேல் தட்டில் வைத்தேன். எனக்கே என் மேல் பயம்.

மார்ச் 16

அடித்தார். இந்த முறை காரணம் எதுவும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2

அக்கா வீட்டு மாடி அறை. கதவை எப்படிச் சாத்தினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

காலையில் அவர் போன் செய்தார். “தலை சுத்துது. சுகர் என்னமோ பண்ணுது. வா.”

“டாக்டரைப் பாருங்க.”

“நீ வா-ன்னு சொல்றேன்ல!”

வைத்துவிட்டேன். சனிக்கிழமை மகள் வருகிறாள். இன்னொரு தலையணை வாங்க வேண்டும்.