அடுத்த அறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ உடம்பிலும் மனதிலும் தெம்பாக இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்கு எப்போதும் நினைப்பு. இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், ஆனால் போன செவ்வாய்க்கிழமை உன் அப்பா ஒரு வீட்டில் வாஷிங் மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்தவர், தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறார். இரத்த அழுத்தம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், உப்பைக் குறைத்ததிலிருந்து என்னை ஜெயில் வார்டனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, இது மூன்றாவது.

டாக்டர் அவரிடம் தூக்கம் எப்படி என்று கேட்டார். "அஞ்சு வாரமா சரியில்லீங்க" என்றார் உன் அப்பா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாரத்தில் நாலு ராத்திரி எனக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை, அவர் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் ரிப்பேருக்குக் கூப்பிட்டாலும் போகமாட்டேன் என்கிறார், போனை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிடுகிறார், குளிக்கப் போனால் போனும் கூடவே போகிறது. ஏதோ பெரிய வியாதியை மறைக்கிறார் என்றே நினைத்திருந்தேன். மருந்து வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற இடத்தில், என்னவென்று சொன்னால்தான் வீட்டுக்கு வருவேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று பஸ் போயிற்று. நாலாவது பஸ் வருவதற்குள் சொல்லிவிட்டார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே, அந்த மனிதர் ஒரு பிறந்தநாள் பரிசைக்கூட ஒரு நாள் ஒளித்து வைக்கத் தெரியாதவர், இதை அஞ்சு வாரம் சுமந்திருக்கிறார்.

நான் கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் நீ திருத்து. அஞ்சு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ராத்திரி உன் விடுதிச் சுருட்டைமுடிக்காரியும் வகுப்புப் பிள்ளைகளும் கூப்பிட்டார்கள் என்று படி இறங்கிப் போகிற ஒரு நடனக்கூடத்துக்குப் போயிருக்கிறாய். வாசலில் கையில் முத்திரை குத்தி உள்ளே விட்டார்களாம். கூட்டத்தில் அவரவர் ஒரு பக்கம் பிரிந்துபோக, சுருட்டைமுடிக்காரி வேறு யாருடனோ கிளம்பிவிட, நீ வெளியே வந்தபோது கடைசி ரயிலும் போய்விட்டது. வாசலில் நின்ற ஒருவன் உன் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தான், நீ வேகமாக நடந்தால் அவனும் வேகமாக நடந்தான். அங்கே ராத்திரி இரண்டு மணி, இங்கே ஞாயிறு காலை பதினொன்றரை. அப்போதுதான் நீ அப்பாவைக் கூப்பிட்டாய். முதல் வார்த்தையாக நீ சொன்னது, "அப்பா, அம்மாவ எழுப்பிடாதீங்க."

ராத்திரி வேலை முடிந்து வந்து நான் அடுத்த அறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன். பயந்துபோன ஆளிடம் என்ன கேட்க வேண்டும், எந்த வெளிச்சத்தைப் பார்த்துப் போகச் சொல்ல வேண்டும், எதைச் சொன்னால் மூச்சு நிதானத்துக்கு வரும் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. என்ன பேசுவதென்று புரியாமல், முந்தின நாள் ரிப்பேர் பார்த்த ஃபிரிட்ஜைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார். கம்ப்ரசர் ஏன் சத்தம் போட்டது, அதற்குள் பல்லி எப்படிப் போனது, அந்த வீட்டுக்கார அம்மா அதற்குத் தன் மாமியாரை ஏன் திட்டினார் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நீயும் "அப்புறம்ப்பா, அப்புறம்ப்பா" என்று உரக்கக் கேட்டுக்கொண்டே விளக்கு எரிகிற தெருவாகப் பார்த்து நடந்து, விடியற்காலை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த ஒரு பேக்கரியின் கதவைத் தட்டியிருக்கிறாய். அந்தப் பேக்கரிக்காரி உன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே இழுத்துக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாளாம். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

"உள்ள வந்துட்டேம்ப்பா" என்று சொல்லி மூச்சு வாங்கினாய், இன்னும் ஒன்றிரண்டு வார்த்தை பேசினாய், அத்தோடு உன் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மறுபடி உன்னிடமிருந்து செய்தி வர இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் உன் அப்பா என் அறை வாசலில், கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். எழுப்பவில்லை, நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாய் அல்லவா! இதைக் கேட்டதும் இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை, சாப்பாட்டைத் தட்டில் போட்டு நகர்த்திவிட்டேன். மூன்றாம் நாள் அவரே சொன்னார், "என்மேல ஏன் கோவப்படற, அவ ஏன் எழுப்ப வேணாம்னு சொன்னான்னு யோசிச்சுப் பாரு."

யோசித்தேன் கண்ணு. நீ போன புதிதில், வரவேற்பு விருந்து என்று கையில் கண்ணாடிக் குவளையோடு சிரித்தபடி ஒரு படம் அனுப்பினாய். குவளையில் இருந்தது எலுமிச்சைச் சாறு என்று நீ சொன்னதைக்கூடக் காதில் வாங்காமல், இன்னொரு தடவை இப்படி ஒரு படம் வந்தால் நானே வந்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன் என்று கத்தினேன். அதற்குப் பிறகு நீ அனுப்பியதெல்லாம் நூலகப் படங்கள்தான். புத்தக அடுக்கு, மேஜை விளக்கு, ஜன்னலில் மழை. அதையெல்லாம் வேலை இடத்தில் எல்லோருக்கும் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன், என் பெண் ராத்திரி பகல் என்று பார்க்காமல் படிக்கிறாள் என்று. நீ என்னிடம் பொய் சொல்லக் கற்றுக்கொண்டாய், கற்றுக்கொடுத்தவள் நான்.

என் பக்கத்தையும் நீ கேள். எனக்கு ராத்திரி என்றால் பாட்டும் விளக்கும் கிடையாது. ஹெட்போனுக்குள் அழுகிற குரல்கள்தான். உன் வயதுப் பெண்கள் கூப்பிடும்போது, அடிபட்ட இடத்தைச் சொல்வதற்கு முன்னால், தெருப்பெயரைச் சொல்வதற்கும் முன்னால், "எங்க வீட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க மேடம்" என்பார்கள். வீட்டில் எப்படிப்பட்ட ராட்சசி இருப்பாளோ என்று ஒவ்வொரு முறையும் மனசுக்குள் அந்தத் தாயைத் திட்டியிருக்கிறேன். என் பெண்ணுக்கு அப்படி ஒரு நிலைமை வராது என்று நிம்மதியாக அடுத்த அழைப்பை எடுத்திருக்கிறேன். போன வியாழக்கிழமையும் ஒருத்தி அதையே சொன்னாள். அழைப்பை மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

நீ ராத்திரியில் வெளியே போவது இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை, பிடித்ததுபோல் நடிக்கவும் எனக்கு வராது. நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் போவாய், இந்த வயதில் போகாமல் எப்போது போவாய் என்று உன் அப்பா கேட்கிறார். ஒன்றே ஒன்று கேட்கிறேன். போகும்போது எங்கே, யாரோடு என்று ஒரு வரி அனுப்பு. சேர்ந்து போகிறவர்கள் சேர்ந்துதான் திரும்ப வேண்டும் என்று கிளம்பும்போதே அந்தச் சுருட்டைமுடிக்காரியிடம் கறாராகச் சொல். பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடு, நான் தூங்கினாலும் சரி, வேலையில் இருந்தாலும் சரி. ஏன் போனாய் என்று நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை கேட்கமாட்டேன். சாத்திய பிறகு கட்டாயம் திட்டுவேன், அதில் எந்தச் சலுகையும் கிடையாது.

போனில் சார்ஜ் இல்லாமல் படி தாண்டாதே. அந்தப் பேக்கரிக்காரியைப் பகலில் ஒரு நாள் போய்ப் பார்த்து, என் அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள் என்று சொல். அப்பாவின் மாத்திரையைப் பற்றி அவரிடம் நீயும் ஒரு வார்த்தை கேள், நான் சொன்னால் தொல்லை, நீ சொன்னால் அக்கறை. போகிற இடமெல்லாம் உனக்கு வெளிச்சமும் நல்ல மனிதர்களும் துணையாக இருக்கட்டும், எடுத்த படிப்பு நல்லபடியாக முடியட்டும்.

இன்னும் ஒன்று. அந்தப் பேக்கரிக்குள் போனபின், போன் அணைவதற்கு முன்னால் நீ கடைசியாகச் சொன்னது, "ஆனா ஆடும்போது நல்லாருந்துச்சுப்பா" என்று உன் அப்பா சொன்னார். இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்தும் உனக்கு ஆடப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. என்ன பாட்டு, எப்படி ஆடினாய் என்று பதில் கடிதத்தில் எழுது. கொஞ்சம் விரிவாகவே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா