தையல் பார்த்து வாங்கிய படகு

மார்ச் 4, திங்கள்

இன்று தைக்க வந்தது இரண்டு டாக்ஸி சீட், ஒரு சலூன் நாற்காலி. சலூன்காரர் நாற்காலியைக் கொடுக்க வந்தவர், கடை வாசலில் அதைப் போட்டு அதிலேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார். எழுந்தால்தானே தைக்க முடியும் என்றேன். "பரவால்ல, என்னையும் சேர்த்தே தைச்சிடுங்க" என்கிறார். என் வாய் ஊருக்கே தொற்றிவிட்டது.

அவர்தான் சொன்னார். அவரிடம் முடி வெட்டிக்கொள்ளும் பல் டாக்டர் ஒருவர் பழைய மோட்டார் படகை விற்கிறாராம். பதினெட்டு அடி. ஆறு சீட்டு. ஏற்றிப் போக டிரெய்லரும் சேர்த்து.

கேட்டதிலிருந்து ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஆறு சீட்டு!

முன்பெல்லாம் ஞாயிறு என்றால் நாங்கள் மூன்று பேர், மச்சினன் வீட்டில் மூன்று பேர், எல்லாரும் ஏரிக்கரையில் கிடப்போம். இரண்டு வருஷமாக அது இல்லை. மச்சினன் எங்கள் வீட்டுப் படியே ஏறுவதில்லை. காரணம் யார்? கண்ணாடியில் போய்ப் பார்த்தால் தெரியும். அவன் சொந்தமாக மோட்டார் பட்டறை போட்டான், நாலு மாதத்தில் மூடினான். அதற்கு அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் நான், "நம்ம மாப்ளே திறப்பு விழாவுல வெட்டின ரிப்பனை வீணாக்கலை. அதையே முடிச்சுப் போட்டுக் கதவைக் கட்டிட்டான்" என்றேன். பந்தியே சிரித்தது. அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான்.

நல்ல ஜோக். அதுதான் தொல்லை.

படகைப் பற்றி வீட்டில் சொன்னேன். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "நாம மூணு பேரு. மீதி மூணு சீட்டுல யாரை உக்கார வைக்கப் போறீங்க?"

"அதுங்க காத்து வாங்கட்டும்" என்றேன்.

மடித்த துணியை உதறி மறுபடியும் மடித்தாள்.

மார்ச் 10, ஞாயிறு

வாங்கியாயிற்று!

பல் டாக்டர் தங்கமான மனிதர். வீட்டுக் கொட்டகையில் படகை நிறுத்தியிருந்தார். வெள்ளை உடம்பு, பக்கவாட்டில் நீலக்கோடு. வயது இருபத்திரண்டாம், என் மகளைவிட ஒன்று கூட. ஆனால் சீட்டு இருக்கிறதே! வெள்ளை ரெக்ஸின், ஓரம் முழுக்க நீலப் பைப்பிங், இரட்டைத் தையல், மூலையில் ஒரு சுருக்கம் கிடையாது. ஒவ்வொரு மெத்தையையும் எடுத்துத் திருப்பினேன். ஜிப்பை இழுத்தேன். ஃபோமை அமுக்கினேன், விட்டதும் எழுந்தது. இதைத் தைத்தவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இவ்வளவு பக்குவமாக சீட்டை வைத்திருப்பவர் மற்றதை எப்படி வைத்திருப்பார்!

சாவியைத் திருப்பினார். ஒரே உறுமல், பற்றிக்கொண்டது. மோட்டார் மூடியில் கை வைத்தேன், ஏற்கனவே சூடாக இருந்தது. வெயில் என்று நினைத்தேன். (கொட்டகைக்குள் வெயிலா என்று இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. சரி போகட்டும்.)

மகள் உள்ளே ஏறி நடந்து பார்த்தாள். "அப்பா, தரை ஒரு மாதிரி அமுங்குதே?"

"ராணிக்கு மெத்தைத் தரை போட்டிருக்காரும்மா."

டாக்டரும் சிரித்தார். அழகான பல்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எந்தம்பி காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் ஏரிப் பட்டறையில படகு மோட்டாரோடதான் கிடக்குறான். அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

நான் சீட்டைப் பற்றிச் சொன்னேன்.

மார்ச் 12, செவ்வாய்

தெருவில் நம் வீட்டு வாசலில்தான் கப்பல் நிற்கிறது. தபால்காரர் மேலே ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுத்தார்.

மார்ச் 17, ஞாயிறு

எதை எழுத?

காலை ஒன்பது மணிக்கு ஏரியில் இறக்கினோம். சாவியைத் திருப்பினால் முக்கல், முனகல், அவ்வளவுதான். அரை மணி நேரம் திருப்பினேன். கரையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் மோட்டாரைத் தட்டிக்கொடுக்கச் சொன்னார். கடைசியில் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. மகள் கை தட்டினாள். மனைவி கூட கம்பியைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள்.

ஏரி நடுவில் 'பீ' என்று ஒரு சத்தம். நிற்கவே இல்லை. அப்புறம் மோட்டார் நின்றது, சத்தம் மட்டும் தொடர்ந்தது. என்ன என்று பார்க்க எழுந்து பின்னால் போனேன். மூன்றாவது அடியில் வலது கால் தரைக்குள் போய்விட்டது. முட்டி வரைக்கும். எழுந்து நிற்க ஊன்றினால் இடது காலும் போகும் போலிருந்தது. அப்படியே நட்ட கம்பமாக நின்றேன்.

"ராணிக்கு மெத்தைத் தரைப்பா" என்றாள் மகள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு. என் பிள்ளைதான், சந்தேகமே வேண்டாம்.

எங்களைக் கரைக்கு இழுத்து வந்தது எது தெரியுமா? வாத்து. வாடகைக்கு விடுகிறார்களே, காலால் மிதிக்கிற வாத்துப் படகு. ஒரு புதுக் கல்யாண ஜோடி மிதித்தது. பாவம், அந்தப் பையன் மனைவி முன்னால் மூச்சு வாங்குவதை மறைக்கப் படாத பாடு பட்டான். அவனிடம் நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தேன்.

"இப்பவாவது வாயை மூடிட்டு வாங்க" என்றாள் மனைவி. சத்தம் போடவில்லை. அதுதான் சுட்டது.

மார்ச் 19, செவ்வாய்

பல் டாக்டருக்குப் போன் செய்தேன்.

"நல்லாப் பார்த்துத்தானே வாங்கினீங்க?"

"பார்த்தேன், ஆனா தரை..."

"ஒரு மணி நேரம் பார்த்தீங்க சார். சீட்டையே பார்த்தீங்க. தரையைப் பாக்காதீங்கன்னு நானா சொன்னேன்?"

அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்! வலிக்காமல் பிடுங்கிவிட்டார். நான் என்னத்தச் சொல்ல? அந்தாளு சொன்னதுல ஒரு பொய் இருந்தாலும் கத்தியிருப்பேன். இல்லையே! பார்த்தது சீட்டு. வாங்குனது சீட்டு. படகு சும்மா கூட வந்துச்சு. மூணு பேரு மானம் ஏரி நடுவுல போச்சு. அம்பது வயசுல எனக்கு இது தேவையா?

மார்ச் 23, சனி

தரை விரிப்பைக் கிழித்தேன். அடியில் பிளைவுட் என்று ஒன்று இருந்த அடையாளம் இருக்கிறது. டீயில் ஊறின பிஸ்கட் மாதிரி விரலால் அள்ளலாம். சீட்டு நிற்கிற இடத்தில் மட்டும் புதுப் பலகைத் துண்டு வைத்துப் புது ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறார்கள். தையலும் புதுசு, ஆறு மாதம் கூட இருக்காது. விற்பதற்கென்றே தைத்த சீட்டு, நான் வருமுன் ஓட்டிச் சூடேற்றி வைத்த மோட்டார்.

இது எனக்குத் தெரியாத வேலையா? "ஸ்பிரிங்கெல்லாம் பார்க்க வேணாம், மேல மட்டும் பளிச்சுன்னு போட்டுக் குடுங்க, விக்கணும்" என்று எத்தனை பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். எத்தனை சோபாவுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே வேறு.

பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்து பார்த்தார். பார்த்தவர் தொடவில்லை. "இந்த வயசு மோட்டாருக்கு நான் ஆளில்ல அண்ணே. ஏரிப் பட்டறையில ஒருத்தர் இருக்காரு. அவரு கை வச்சா எழுந்து உக்காரும்."

அந்த ஒருத்தர் யார் என்று நான் கேட்கவில்லை. மனைவி ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 24, ஞாயிறு

இன்று அவள் வாய் திறந்தாள்.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மளிகைக் கடைக்குப் போறேனே, என்னன்னு நினைச்சீங்க? உப்பும் புளியும் வாரா வாரமா தீரும்? கடை வாசல்ல நின்னு எந்தம்பியைப் பார்த்துட்டு வர்றேன். ரெண்டு வருஷமா. பையைப் பிடிச்சிட்டு ரோட்டோரமா நின்னு பேசிட்டு வர்றேன், கூடப் பொறந்தவங்கிட்ட."

அவளே தொடர்ந்தாள்.

"எனக்குப் படகு வேணாம். அந்த மூணு சீட்டுக்கு ஆள் வேணும்."

அலமாரியைத் திறந்து பார்த்தேன். உப்பு மட்டும் பதினொரு பாக்கெட்.

மார்ச் 28, வியாழன்

ஏரிப் பட்டறைக்குப் போனேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன்: மாப்ளே, அன்னைக்கு நான் பேசினது தப்பு. ஐந்தே சொல். பள்ளிக்கூடத்தில் இதைவிடப் பெரிய பாட்டெல்லாம் ஒப்பித்திருக்கிறேன், அஞ்சாம் வகுப்போடு நின்றாலும்.

மச்சினன் ஒரு மோட்டாருக்குள் தலையை விட்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். இரண்டு வருஷத்தில் காதோரம் நரைத்திருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். வந்தது என்ன?

"டாக்டரே, ஒரு சீரியஸ் கேஸ் கொண்டாந்திருக்கேன்."

"டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க" என்றான். உள்ளே போய்விட்டான். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். வரவில்லை.

இது என்ன வாயா இல்ல வடிகாலா? அஞ்சு சொல்லு! அஞ்சே சொல்லு வரலையே!

மார்ச் 29, வெள்ளி

வாயைத் தைத்துவிடலாம். நூல் கைவசம் இருக்கிறது, இரட்டைத் தையலே போடலாம்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மறுபடி போனேன். பட்டறையில் வேலை செய்யும் நாலு பேர் பார்க்க, நின்ற இடத்திலேயே சொன்னேன். ஐந்து சொல்லும் வரிசையாக வந்தது. ஜோக் ஒன்றும் குறுக்கே வரவில்லை. அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அன்னைக்கு முப்பது பேர் சிரிச்சாங்க மாமா. இங்க நாலு பேருதான் இருக்காங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரியில்லை என்கிற மாதிரி சொன்னான்.

வீட்டுக்கு வந்து பந்தியில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று மனைவியிடம் கேட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. சொல்லச் சொல்ல எழுதினேன். முப்பது இல்லை, இருபத்தேழு.

ஏப்ரல் 4, வியாழன்

கடையில் தையல் மிஷின் மேல் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைக்கிறேன். இப்படி ஒரு தண்டனை யாருக்கும் வரக் கூடாது.

முதலில் மனைவியின் சித்தி. "அன்னைக்குப் பந்தியில நான் அவனைப் பத்திச் சொன்னது தப்பு சித்தி, எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன்" என்றேன்.

"என்ன சொன்னே? நினைவில்லையே. சொல்லு."

சொன்னால்தானே மன்னிப்புக் கேட்க முடியும்? ரிப்பன் கதையைச் சொன்னேன். சித்தி சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "ஏங்க, இங்க வாங்க, இதைக் கேளுங்க" என்று சித்தப்பாவைக் கூப்பிட்டு மறுபடி சொல்ல வைத்தார்.

அடுத்தவர், "இதுக்கா போன் பண்ணே? யாரோ போயிட்டாங்கன்னு பயந்துட்டேன்" என்றார். அப்புறம் அவரும் சிரித்தார். இன்னொருவர் ஸ்பீக்கரில் போட்டார். இன்று மட்டும் ஒன்பது பேர். ஏழு பேருக்கு நினைவே இல்லை. இரண்டு வருஷமாக மறந்து கிடந்ததை வீடு வீடாகப் போய் நானே எழுப்பி விட்டிருக்கிறேன்.

மனைவியின் அக்கா ஒருத்திதான் சிரிக்கவில்லை. "எனக்கு நினைவிருக்கு. நானும் சிரிச்சேன். அப்புறம் அவன் வச்சிட்டுப் போன தட்டை நான்தான் எடுத்தேன். ஒரு வாய்தான் சாப்பிட்டிருந்தான்" என்றாள்.

அதற்குப் பிறகு இன்று யாருக்கும் போன் செய்ய முடியவில்லை. சலூன் நாற்காலி இன்னும் அப்படியே கிடக்கிறது.

ஏப்ரல் 5, வெள்ளி

பதினாறு பேர் ஆயிற்று. மனைவி மளிகைக் கடைக்குப் போனாள். நானே பையை எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 6, சனி

காலையில் கடையைத் திறப்பதற்குள் மச்சினன் போன்.

"மாமா, போதும், நிறுத்துங்க! நீங்க மன்னிப்புக் கேக்கக் கேக்க ஊரே மறுபடி முதல்லேர்ந்து சிரிக்குது. நேத்து மூணு பேரு எனக்குப் போன் பண்ணி 'ரிப்பன் எப்படி இருக்கு'ங்கிறாங்க."

"இன்னும் பதினோரு பேரு பாக்கி இருக்கே மாப்ளே."

"படகை எங்க வச்சிருக்கீங்க?" என்றான்.

மத்தியானம் வந்தான். படி ஏறவில்லை, நேராகப் படகுக்குத்தான் போனான். ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தான். நல்ல இடம் டக் டக் என்கிறது, போன இடம் தொப் தொப் என்கிறது. நம் படகு பெரும்பாலும் தொப் தொப். மோட்டார் தொங்குகிற பின்பலகையில் மட்டும் நின்று மூன்று முறை தட்டினான். டக்.

"இது போயிருந்தா விறகுதான். தரையை மொத்தமாப் பிரிக்கணும். மோட்டாருல தண்ணி இழுக்குற ரப்பர் சக்கரம் பிஞ்சிருக்கு, அதான் சூடாகி நின்னுருக்கு. மத்தபடி நல்ல மோட்டாரு. வித்தவருக்கு அது தெரியலை."

"எத்தனை நாளாகும்?"

"ஞாயித்துக்கிழமைதான் வர முடியும். நீங்க எத்தனை ஞாயித்துக்கிழமை பேசாம இருப்பீங்களோ, அதைப் பொறுத்து."

மனைவி டீ கொண்டு வந்து வாசற்படியில் நின்றாள். எடுத்துப் போய்க் கொடுக்கவில்லை. அவன் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று நின்றாள். வந்து வாங்கிக்கொண்டான்.

மே 5, ஞாயிறு

ஐந்தாவது ஞாயிறு. உள்ளே சுரண்டச் சுரண்ட ஊறின மரம் வந்துகொண்டே இருக்கிறது. என் முதுகு போயிற்று. பலகை ஒட்டும் பிசின் வாடை சோற்றில் கூட அடிக்கிறது. சரியாகக் காயுமுன் மழை வந்து ஒரு பக்கத்தை மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. இதை வாங்கிய நேரத்துக்கு ஒரு யானை வாங்கியிருக்கலாம், அதுவாவது தானாக நடக்கும்.

ஜூன் 16, ஞாயிறு

படகு இன்னும் தண்ணீரைப் பார்க்கவில்லை. வாசலில் டிரெய்லர் மேல்தான் நிற்கிறது. ஆனால் தரை முடிந்தது. மச்சினன் மேலே ஏறி எம்பிக் குதித்தான். டக்.

சீட்டை அடுத்த வாரம்தான் மாட்ட வேண்டுமாம், இப்போதே ஸ்க்ரூ போட்டால் பிசின் விரிசல் விடுமாம். அதனால் சமையலறை ஸ்டூல், கடை ஸ்டூல் எல்லாவற்றையும் மேலே ஏற்றி, தெரு நடுவில் ஆறு பேரும் படகில் உட்கார்ந்து டீ குடித்தோம். என் மகளும் மச்சினன் மகளும் முன்னால். என் மனைவியும் மச்சினன் மனைவியும் நடுவில். மச்சினன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். தபால்காரர் விடுமுறை நாளிலும் வந்து எட்டிப் பார்த்து, "எந்த ஊருக்குப் போகுது?" என்றார்.

"அதை மாமாவைக் கேளுங்க" என்றான் மச்சினன். "நாளைக்கு இவரு கப்பலே வாங்குனாலும், முதல்ல சீட்டைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டாந்துட்டு, கப்பலை அப்புறம் வந்து எடுத்துக்குறேம்பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். தபால்காரர் கூட. மனைவி டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

எனக்கு உடனே ஒரு பதில் வந்தது. நாக்கு நுனியில் வந்து நின்றது. ரிப்பனைவிட நல்லது.

சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.